நாற்பது கிலோ ஐந்நூற்று எண்பது கிராம்

நெல் நாற்பது கிலோ.
சாக்கு ஐந்நூற்று எண்பது கிராம்.
இதற்குமேல் தராசில் ஏறுவதெல்லாம்
எங்கள் வீட்டுக்கு வரும்.

எட்டு வருடமாய் அப்படித்தான் வந்தது
மாசி மாதத்துத் தூக்குவாளியில்,
ரசக் கிண்ணத்துக்கு அடியில்,
மூட்டைக்கு நாற்பது ரூபாய் வீதம்.
நோட்டுகளை விசிறிக்குக் கீழே காயவைப்பேன்.
பாவம் என்று நினைத்ததில்லை.
ஈரப்பதம் என்றுதான் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் அருளப்பனுக்கு
ஞாயிறு பூசை என்பது
கோவிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில்
வண்டியில் சாய்ந்து நிற்பது.
நற்கருணை நேரத்தில் பீடியை அணைப்பார்.
அவ்வளவு மரியாதை இருந்தது.

போன வருடம் சாம்பல் புதனன்று
நெற்றியில் சாம்பலோடு கொள்முதல் நிலையம் போனார்.
மத்தியானம் பருவம் தப்பிய மழை.
பதினொரு நாளாய்த் தார்ப்பாய்க்குள் கிடந்த
கோரையாற்றுத் தென்கரைக் குவியல் ஒன்று
முளைவிட்டிருந்ததாம்.
வெள்ளையாய், கைக்குழந்தையின் பல்போல.
இவ்வளவுதான் சொன்னார்.
அதற்குமேல் என்ன நடந்தது என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
அன்று தூக்குவாளி காலியாய் வந்தது.
கழுவி வந்தது.
கல்யாணமான நாளிலிருந்து
அவர் கழுவிய முதல் பாத்திரம்.

பிறகு மகளின் கணக்கு நோட்டில்
பின்பக்கமிருந்து எழுத ஆரம்பித்தார்.
பேர், மூட்டை, பெருக்கல், தொகை.
நினைவுக்கு வராததைக் கூட்டியே எழுதினார்.
நான் கத்தினேன்.
மாடிக்கு விட்ட கம்பிகள்
வானத்தைப் பார்த்துத் துருப்பிடிக்கின்றன.
என் தோட்டை மாதாவுக்குப் போட்டிருந்தால்கூடப்
பொறுத்திருப்பேன்.
அது நாற்பது நாற்பதாய்
ஊர் ஊராய்ப் போயிற்று.

பக்கிரிசாமி "எலெக்ஷன் எப்ப?" என்று கேட்டு
வாங்கிக்கொண்டார்.
கலியமூர்த்தி கதவே திறக்கவில்லை,
போலீஸ் வைத்த பொறி என்று பயம்.
செண்பகவல்லி மட்டும்
விரலில் எச்சில் தொட்டு இரண்டுமுறை எண்ணி
"வட்டி?" என்றாள்.
நியாயம்தானே என்று
அடுத்த வாரம் வட்டியோடு போனார் இந்த மனிதர்.

நிலையத்தில் யாரும் அவரோடு டீ குடிக்கவில்லை.
டயரில் இருமுறை ஆணி.
"ஏசுவே வந்து எடை போடுறாருடா" என்று கேலி.
அதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தார்:
"அவரு போட்டா நாம தேறமாட்டோம், பவுலின்."
இந்தப் பருவத்துக்குக் கூப்பிடவில்லை.
செங்கல் லாரியில் லோடு ஏற்றுகிறார்.

ஆளே மாறிவிட்டார் என்று பங்கில் பேச்சு.
எவ்வளவு என்று எனக்குத்தான் தெரியும்.
ஆட்டைத் திட்டினால் அதன் அம்மாவையும் சேர்த்துத்தான்.
ஜெபமாலையில் மூன்றாம் பத்தில் குறட்டை.
தம்பியோடு வரப்புத் தகராறு தீரவில்லை.
"அது வேற நோட்டு" என்கிறார்.
ஆனால் என்மேல் ஓங்கிய கை
பாதியில் நிற்கிறது.
அதை யாருடையதோ போலப் பார்க்கிறார்.
பிறகு அதே கையால் தலையைச் சொறிந்துகொள்கிறார்.

எனக்கு இரண்டு கறவை.
சொசைட்டிக்குப் போகுமுன் பாலில் ஒரு சொம்பு தண்ணீர்.
அதைப் பற்றி அவர் கேட்டதே இல்லை.
கேட்டிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.
விடியலில் சொம்போடு குழாயடியில் நிற்கையில்
உள்ளே நோட்டுத் தாள் புரளும் சத்தம்.
சில நாள் ஊற்றுகிறேன்.
சில நாள் துளசிக்குப் போகிறது.

கடைசிப் பேர் மருதையன்.
முளைவிட்ட குவியல் அவருடையது.
தொகை இருக்கவேண்டிய இடத்தில்
எழுதி, அடித்து, எழுதி, தாள் கிழிந்திருக்கிறது.
வீடு பூட்டு. குடும்பத்தோடு திருப்பூராம்.
தவக்கால வெள்ளிதோறும்
சிலுவைப்பாதையின் பதினாலு ஸ்தலமும் முடித்து
அந்தப் பூட்டின் முன்னால் போய் நிற்கிறார்,
பதினைந்தாவது போல.

போன வெள்ளி நானும் பின்னால் ஏறினேன்.
ஏன் என்று கேட்கவில்லை.
ஆறு மணலாய்க் கிடந்தது வழியெல்லாம்.
திரும்பும்போது சொன்னார்,
"திங்கக்கெழம ராத்திரி பஸ். ரெண்டு டிக்கெட்."
"மாட்ட யாரு கறக்கறது?" என்றேன்.